அந்த வீட்டில் யாரும் ஓடுவதில்லை

"நீ உங்க அக்காவ விட வேகமா ஓடுவியாம்மா?"

பள்ளி விளையாட்டு விழா மேடையில், ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்து, மருந்துக் கடைக்காரர் அவளிடம் இப்படிக் கேட்டார். அந்த வருஷம் பரிசு கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு கையால் கோப்பையை நீட்டியபடி, மறு கையால் மைக்கை வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டு, சிரித்த முகமாகக் கேட்டார். அவளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு. பெரியவர்கள் கேட்டால் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். மைக் தன் பக்கம் திரும்பியதும் உள்ளதைச் சொன்னாள்.

"எங்கக்கா ஓட மாட்டா சார். அவளுக்குத் தட்டைப் பாதம்."

மைதானமே சிரித்தது. ஆசிரியர்கள் சிலர் கையால் வாயை மறைத்துக்கொண்டார்கள். தட்டைப் பாதத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள். அப்பா எழுந்து முன்பக்கக் கடைக்குப் போய்விட்டார். அத்தை மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவர் என்ன கேட்டாரு? இன்னொரு தடவ சொல்லு" என்றாள். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அத்தை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அந்தத் தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஆங், இப்ப புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அத்தை எழுந்து போனாள்.

அக்கா சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்ச நாளில் வருவாள் என்றுதான் அதுவரை அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. அக்கா பெரியவள், இவள் சின்னவள், நடுவில் பிறந்தவன் தம்பியாகவும் இல்லாமல் அண்ணனாகவும் இல்லாமல் எல்லாருக்கும் 'டேய்'. அப்பா வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பவர். வீட்டின் முன் அறைதான் கடை. ஸ்கூட்டர் சீட், கார் சீட், சில சமயம் பல் டாக்டர் வீட்டு நாற்காலி என்று வாசல்வரை பஞ்சும் ரெக்ஸினும் இறைந்து கிடக்கும். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவன் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வாரம் விருந்தாளி, இரண்டாவது வாரம் வீட்டுக்காரி.

பெரியவள் போனது ஓடி அல்ல. வேலை நாள், வெயில் ஏறிய பொழுது. அப்பா ஒரு கார் சீட்டைக் கவிழ்த்துப்போட்டு, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலையாக இருந்தார். பெரியவள் குடையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும்போது, "போயிட்டு வரேன்ப்பா" என்றாள். வாயில் ஆணி இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் தன் தட்டைப் பாதத்தால் அடி மேல் அடி வைத்து பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். பஸ் தாமதம். அந்தத் தெருக்காரர்கள் நாலைந்து பேர் அவளோடு சேர்ந்துதான் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, பெரியவளின் குடைக்குள் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அதே அம்மாதான் அன்று மாலை வீடு வீடாகப் போய், "சீட்டுக்காரர் பொண்ணு ஓடிப்போயிட்டா" என்று சொன்னவள்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் ஒருவனைப் பெரியவள் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான், ஆனால் நம்ம ஆளுங்க இல்லை. அத்தை வேறொரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்குக் கொடுத்தது அத்தை, அதைக் காப்பாற்ற வேண்டியவள் பெரியவள். அதுதான் அந்த வீட்டுக் கணக்கு. தலையாட்டி அனுப்பி வைத்ததை அப்பாவால் மறக்க முடியவில்லை. அதன்பிறகு அவர் வேலை செய்யும்போது வாயில் ஆணி வைத்துக்கொள்வதில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொண்டார்.

கோப்பை வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சொல் இல்லாமல் போயிற்று. யாரும் தடை போடவில்லை, ஆளாளுக்குத் தாமாகவே விட்டுவிட்டார்கள். தையல் மெஷின் சுற்றியது, மின்விசிறி வேலை செய்தது, பஸ் போனது. மழையில் கூரை ஒழுகியபோது அம்மா, "மேல ஏதோ உடைஞ்சிருக்கு" என்றாளே தவிர ஓடு என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர்களுக்குத்தான் அந்த விஷயம் தெரியாது. "வண்டி நல்லா ஓடுதுண்ணே, சீட்டுதான் போச்சு" என்று யாராவது சொன்னால், அப்பாவின் கை ஒரு நொடி நின்று பிறகு வேலையைத் தொடரும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் சின்னவளுக்கு ஓட்டம் தவிர வேறு எதுவும் வரவில்லை. படிப்பு சுமார். தையல் கோணல். பேச்சு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓடத் தொடங்கிவிட்டால் மட்டும் உடம்பு சொன்னபடி கேட்கும். நூறு மீட்டர், இருநூறு மீட்டரெல்லாம் அவளுக்கு ஆகாது. மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில்தான் அவளுக்கு ஓட்டமே ஆரம்பிக்கும்.

பள்ளி பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். இவள் இப்படியே ஓடினால் விளையாட்டுப் பிரிவில் காலேஜில் இடம் கிடைக்கும், மார்க் குறைந்தாலும் பரவாயில்லை என்றார். காலேஜ் என்ற சொல் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெருவில் அவர் வீட்டைப் பற்றிப் பேச ஒரு நல்ல சேதி வேண்டியிருந்தது. சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அவள் தனியாக ஓடக் கூடாது. பின்னாலேயே அண்ணன் சைக்கிளில் வர வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, வீட்டுக்குத் தெரிந்துதான் ஓடுகிறாள் என்று தெரிய வேண்டும்.

இப்படியாகத் தினமும் விடிந்ததும் சின்னவள் முன்னால் ஓட, அவன் தூக்கக் கண்ணோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னால் வருவான். அவள் வேகம் அதிகமானால், "மெதுவாப் போடி, தொடை வலிக்குது" என்று கத்துவான். டீக்கடையில் நிற்பவர்கள் அவனிடம், "என்னடா, இவளையாச்சும் பிடிச்சிருவீங்களா?" என்று கேட்பார்கள். அவன் மணியை அடிப்பான். அவன் கெட்டவன் இல்லை. யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.

வீட்டில் அதற்குப் பயிற்சி என்று பெயர். அத்தை அந்தப் பெயரையும் சொல்ல மாட்டாள். "அது முடிஞ்சு வந்துட்டியா? கால கழுவிட்டு உள்ள வா" என்பாள்.

அவள் சுற்று ஓடும் பள்ளி மைதானத்தின் ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் ஆஸ்பத்திரி சலவைக் கூடம். போர்வைகளும் வெள்ளை விரிப்புகளும் கொடி கொடியாகக் காயும். பத்தாம் வகுப்பில் ஒரு நாள், அந்த விரிப்புகளுக்கு நடுவே ஒரு முகத்தைப் பார்த்தாள். பெரியவள். கை நிறைய ஈரத் துணியோடு, வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் நிற்கவில்லை. ஒரு சுற்று போய் மறுபடி அந்த இடத்துக்கு வந்தபோது பெரியவள் அங்கேயே நின்றாள். அன்றிலிருந்து அது பழகிப்போயிற்று. பேச்சு கிடையாது. இவள் சுவரைத் தாண்டும்போதெல்லாம் பெரியவள் ஒரு விரிப்பை உதறுவாள். படீரென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே சின்னவள் தன் வேகத்தைச் சரிபார்த்துக்கொள்வாள். அண்ணனும் பார்த்திருக்கிறான். பார்த்தவுடன் இறங்கி, சைக்கிள் செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வான்.

ஒரு நாள் சுவர்மேல் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே ஓட்டத்துக்கான ஷூ. யாரோ நர்ஸ் போட்டுப் பழகியது, ஆனால் நல்ல ஷூ. வீட்டில் டீச்சர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அதே மைதானத்தில் காலேஜ் தேர்வு ஓட்டம் வந்தது. மூவாயிரம் மீட்டர். பல ஊர்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். தொடக்கத்தில் சின்னவள் கூட்டத்தின் கடைசியில் இருந்தாள். கடைசி இரண்டு சுற்றில் ஒவ்வொருத்தியாகத் தாண்டி, முடிவுக் கோட்டைக் கடந்தபோது பின்னால் வந்தவளின் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. காலேஜ் பயிற்சியாளர் மேடம் அவளிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்பாம்மாவ நானே வந்து பாக்கறேன். ஹாஸ்டலுக்குச் சம்மதம் சொன்னா போதும், இடம் உனக்குத்தான்" என்றார்.

அந்த மேடம் நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதால்தான் விஷயம் அப்படி ஆயிற்று.

மறுநாளே வந்துவிட்டார். கடையில் அப்போது ஆள் நிறைய. ஸ்கூட்டரைக் கழற்றிப்போட்டுக் காத்திருந்தவர்கள், எதிர்வீட்டுப் பெண்கள், சும்மா நின்றவர்கள். மேடம் உள்ளே போகக்கூட இல்லை. வாசற்படியிலேயே நின்று, எல்லாரும் கேட்கும்படி, வாய் நிறையச் சிரிப்போடு அப்பாவிடம் சொன்னார்:

"சார், உங்க பொண்ணு ஓடிட்டான்னா யாராலயும் பிடிக்க முடியாது சார்."

 ஸ்கூட்டர்காரர்களில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான். அது மற்றவனுக்குத் தொற்றியது. எதிர்வீட்டுப் பெண் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள், சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது. அப்பா தடித்த ஊசியை ரெக்ஸினில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது அவர் விரலுக்குள் போயிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தான் போதுமான அளவு பாராட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "உண்மையாத்தான் சார் சொல்றேன். உங்க குடும்பத்துலயே இது இருக்கணும், ரத்தத்துலயே இல்லாம இப்படி வராது" என்று சேர்த்துச் சொன்னார்.

இம்முறை யாரும் மறைத்துச் சிரிக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா சொன்னார். திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று மேடம் சொன்னார். கிளம்பும்போது சின்னவளின் தோளைத் தட்டிக் கண் சிமிட்டினார், எல்லாம் நல்லபடியாக முடிந்ததுபோல.

அன்று மாலை வீட்டில் அத்தைதான் பேசினாள். "ஒருத்தி சொல்லாம ஓடினா. இவ சர்டிபிகேட் வாங்கிட்டு ஓடப் போறா" என்றாள். அவள் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இப்போது அதை ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டு, விட்டுப்போன பாக்கியையெல்லாம் தீர்த்துக்கொண்டாள். வாசலில் கிடந்த ஷூவைக் கால் விரலால் புரட்டிப் பார்த்து, ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு இவ்வளவு நல்ல ஷூ கொடுக்க என்ன தலையெழுத்து என்று கேட்டாள். அப்பா அண்ணனைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். அவன் சுவர், விரிப்பு, பொட்டலம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அப்பா அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. ஷூவை எடுத்துக்கொண்டு போய், ரெக்ஸின் வெட்டும் கத்தியால் அடிப்பாகத்தை நீளவாக்கில் அறுத்தார். தன் தொழிலைச் செய்வதுபோலவே, கோடு பிசகாமல், நிதானமாக அறுத்தார். பிறகு இரண்டையும் பழைய பஞ்சு போடும் சாக்கில் போட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். விரலில் துணி சுற்றியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"காலேஜ் போகணுமா?"

"போகணும்ப்பா."

"போ. நான் வேண்டாங்கல. ஆனா நீயும் அவளும் ஒண்ணில்லன்னு இந்தத் தெருவுக்குத் தெரியணும். அது தெரிஞ்சா நான் தல நிமிந்து உன்ன அனுப்புவேன்."

"எப்படிப்பா தெரியும்?"

"நாளைக்கு அவ வருவா. வாசல்ல வச்சு, நாலு பேரு கேக்கற மாதிரி, நீ சொல்லணும்."

என்ன சொல்ல வேண்டும் என்பதை அத்தை சொல்லிக்கொடுத்தாள். யோசனையே அவளுடையதுதான். அம்மாவைவிட்டுப் பெரியவளுக்குப் போன் போடச் செய்தாள். அண்ணனின் போனை அத்தை பிடித்துக்கொள்ள, அம்மா பேசினாள். அப்பா உன்னைப் பார்க்கணும்கிறார், ஞாயிற்றுக்கிழமை வா, தங்கச்சிக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் அழுகிற சத்தம் வந்தது. அத்தை பொத்தானை அமுக்கிப் போனைக் கட் செய்தாள். போனை எடுத்த பிறகும் அம்மா காதைச் சாய்த்தபடியே நின்றாள்.

சின்னவள் சமையலறைக் கதவருகே நின்று ஒப்பித்தாள். முதலில், "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவங்க என்ன இவங்க? பெரிய கலெக்டரா? 'இவ'ன்னு சொல்லு."

"இவ யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்புறம்?"

அதற்கப்புறம் இருந்த சொல் அவள் வாயில் வரவில்லை. ஓடுகாலி. தெருவில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சுவரில் கரியால் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறாள். வீட்டைவிட்டுப் போனவளுக்கும், போக நினைப்பவளுக்கும், சும்மா வாசலில் நிற்பவளுக்கும்கூட அந்தத் தெரு அதே சொல்லைத்தான் வைத்திருந்தது. ஆணுக்கு அப்படி ஒரு சொல் கிடையாது. அவன் ஊரைவிட்டுப் போனால் பிழைக்கப் போனவன்.

பல தடவை முயன்றபின் வந்தது. வந்தபின் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு மூச்சுதானே என்று நினைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டு, காலேஜ் போன பிறகு அக்காவைத் தேடிப்போய் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். அக்கா புரிந்துகொள்வாள். அக்காவே சொல்லிவிட்டுப் போ என்றுதான் சொல்வாள். இப்படி அக்காவின் பக்கத்துப் பேச்சையும் சேர்த்து இவளே பேசி முடித்துவிட்டாள்.

அண்ணனின் போன் அலமாரிமேல் சார்ஜில் கிடந்தது. எடுத்தாள். 'வராதே' என்று ஒரே ஒரு சொல் அனுப்பினால் போதும். மணி என்ன என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்குக் கூட்டம் அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் அன்றுதான் வண்டியைக் கொண்டுவருவார்கள். அப்பா வேண்டுமென்றே வாசல்வரை சீட்டுகளைப் பரப்பிவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. சீட்டு எதுவும் கிழியாதவர்களும் வந்து நின்றார்கள்.

பெரியவள் இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்தாள். அப்படி ஒரு குழந்தை இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வயதிருக்கும் பெண் குழந்தை, புதுச் சட்டை, தலை படிய வாரி, காலில் சின்னதாகச் செருப்பு. பெரியவளும் நன்றாக உடுத்தியிருந்தாள். இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். தங்கச்சியின் காலேஜ் சேதிக்காக வந்தவர்கள் என்று நினைத்தாளோ என்னவோ, எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தாள்.

"அப்பா" என்றாள்.

அவர் நிமிரவில்லை. படியில் நின்ற சின்னவளைப் பார்த்ததும் பெரியவளின் முகம் மலர்ந்தது.

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "கடைசி ரெண்டு ரவுண்டுல நீ எல்லாரையும் தாண்டிருவன்னு நான் அன்னைக்கே இவ அப்பாகிட்ட சொன்னேன்."

அத்தை நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது.

சின்னவள் மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தினாள். நீண்ட தூரம் ஓடுகிறவளின் மூச்சு அது, நடுங்காது. சொல் ஒவ்வொன்றும் தெரு முனைவரை தெளிவாகப் போயிற்று.

"இவ யாருன்னு எனக்குத் தெரியாது. இவ ஓடுகாலி. எனக்கு அக்கா கிடையாது."

குழந்தைக்கு அது தன்னிடம் பேசியதாகத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே இவள் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது. பெரியவள் அந்தக் கைகளை மெல்லப் பிடித்து மடக்கி, குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வேறு எதுவும் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் தன் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரும் என்று காத்திருந்தாள்.

பேசியது அத்தை. குரலை உயர்த்தவில்லை, ஏதோ துணியின் தரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தம்பியிடம் சொன்னாள்:

"பாத்தியாடா? மடியில போட்டு வளத்தவ அவ. இவளுக்குத் தல வாரி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டவ. அவளையே யாருன்னு தெரியாதுங்கறா. நாக்கு கொஞ்சமாச்சும் கூசிச்சா பாரு. நாளைக்கு ஹாஸ்டல்ல நின்னுகிட்டு நம்மளையும் இப்படித்தான சொல்லுவா? இவள நம்பி எப்படிரா வெளியூர் அனுப்புவ?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு தலைகள் ஆடின. நியாயம்தானே என்பதுபோல.

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். முடிச்சுப் போட்டார். "டேய்" என்று மகனைக் கூப்பிட்டார். "அந்த மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. இவ வரலன்னு."

"அப்பா" என்றாள் சின்னவள். "நீங்கதான சொல்லச் சொன்னீங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரியான ஆச்சரியம் இருந்தது.

"சொன்னேன்" என்றார். "நீ சொல்லுவன்னு நினைக்கல."

அவ்வளவுதான். அடுத்த சீட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கடைக்குப் பின்னால் போனான். அவன் பேசுவது கேட்டது. ஆமா மேடம். இல்ல மேடம். வீட்ல விருப்பமில்ல மேடம். அவளுக்கே விருப்பமில்ல மேடம்.

பெரியவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். யாருக்காகவோ நேரம் கொடுப்பதுபோல் நின்றாள். சின்னவளின் கால்கள் படியில் இருந்தன. இரண்டே படி இறங்கினால் தெரு. மூவாயிரம் மீட்டர் ஓடிய கால்கள் அவை. அவை அசையவில்லை. இப்போது இறங்கினால் தெரு என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சற்று முன்புதான் அவளே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தாள்.

பெரியவள் திரும்பினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போயிற்று.

"சரி, சரி. வண்டி எடுக்கறவங்க எடுங்கப்பா" என்றாள் அத்தை.

அப்போது உள்ளிருந்து அம்மா வந்தாள். இத்தனை நேரமும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள், யாரும் கவனிக்கவில்லை. கையில் ஈரம் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வந்து, சுவரோரம் வரிசையாகக் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு வார் பிய்ந்திருந்தது. குனிந்து சரிசெய்தாள்.

"எங்க கிளம்பிட்ட? அடுப்புல பால் இருக்கு" என்றாள் அத்தை.

அம்மா நிமிர்ந்தாள். வாசலில் பரப்பிக் கிடந்த சீட்டுகளுக்கு நடுவே காலை வைக்க இடம் பார்த்து நடந்தாள். அப்பா ஊசியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.  வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலை நரைக்கத் தொடங்கிய, மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தி, பட்டப்பகலில், புருஷன் கண் முன்னால் இப்படிப் போனால் அதற்கு என்ன பெயர் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

சின்னவள் படியின் ஓரமாக ஒதுங்கினாள். "அம்மா" என்றாள். தன்னை ஒரு தடவையாவது பார்ப்பாள் என்று நினைத்தாள்.

அம்மா அவளை உரசிக்கொண்டுதான் இறங்கினாள். பார்க்கவில்லை. தெருவில் இறங்கி, பெரியவள் போன பக்கமாகத் திரும்பி நடந்தாள்.